வானளாவிகளை மதிப்பிடும் முறை
சிக்காகோ நகரின் இரு கட்டடங்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நெடுங்கட்டடத்தின் முன் நிற்பவர் முதலிற் கேட்பது, "இதன் உயரம் எத்துணை?" என்பதே. அவ்வினா இயல்பானது. ஆயின், அதனோடு அமைந்துவிடுபவர் கட்டடத்தை அளந்தவராவரேயன்றி மதிப்பிட்டவராகார். ஒரு காப்பியத்தின் பெருமையை அதன் பாடற்றொகை கொண்டு துணிவார் யாருமிலர். சொல்லும் பொருளும் அதன்கண் எவ்வாறு இயைந்துள்ளன, கற்பார்க்கு அது யாது பயன் தருகின்றது என்றே ஆராய்வர். வானளாவி எனப்படும் கட்டட வகைக்கு மட்டும் இம்முறை இன்னும் பொதுவழக்காகவில்லை. செய்தித்தாள்களும் விளம்பரங்களும் அடிக்கணக்கையும் மாடிக்கணக்கையுமே பறைசாற்றுகின்றன. அறிவியலும் கலையும் ஒருங்கே தொழிற்பட்ட ஒரு பெருமுயற்சிக்கு இது தக்க மதிப்பாகாது.

ஆதலின், உயரத்தை விடுத்து வேறு மூன்று வினாக்களைக் கொண்டு இக்கட்டடங்களை ஆராய்தல் வேண்டும் என்பது எமது கருத்து. எவ்வளவு பொருளைச் செலவிட்டு அவ்வுயரம் தாங்கப்படுகின்றது என்பது முதல் வினா. தாங்கும் முறையைக் கட்டடம் மறையாது காட்டுகின்றதா என்பது இரண்டாவது. அவ்வுயரத்தில், அதன் நிழலில், மாந்தர் வாழ்வு என்னவாகின்றது என்பது மூன்றாவது. இவ்வினாக்களை அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள இரு கட்டடங்கள் மீது செலுத்திப் பார்ப்போம். ஒன்று, 1969 இல் நிறைவெய்திய ஜோன் ஹான்கொக் நிலையம். மற்றையது, 1973 இல் தன் முழு உயரத்தை எட்டிய சியேர்ஸ் கோபுரம். பின்னது 2009 இல் வில்லிஸ் கோபுரம் எனப் பெயர் மாறிற்று. முன்னதும் 2018 இல் தன் பழம்பெயரை இழந்தது. இரண்டையும் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் என்னும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாமும் பொறியியலாளர் பஸ்லுர் ரஹ்மான் கானும் இணைந்து ஆக்கினர். ஒரே கைகள் ஆக்கியனவாயினும் இரண்டிற்கும் நாம் வழங்கும் தீர்ப்பு ஒன்றாக இராது. அவ்வேறுபாட்டை அறிவதே இவ்வாய்வின் பயன்.

வானளாவி தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் ஈண்டு இன்றியமையாதது. கட்டடங்கள் உயர்வதை இரு தடைகள் நெடுங்காலம் மறித்து நின்றன. ஒன்று படிக்கட்டு, மற்றையது சுவர். ஐந்தாறு மாடிகளுக்கு மேல் நாள்தோறும் ஏறியிறங்க எவரும் விரும்பார். எலிஷா ஓட்டிஸ் என்பார் கயிறு அறுந்தாலும் வீழாத உயர்த்தியை 1854 இல் நியூ யோர்க்கில் மக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டியபோது முதற்றடை நீங்கிற்று. இரண்டாவது தடை பாரத்தைப் பற்றியது. சுவரே பாரத்தைச் சுமக்கும் கட்டடத்தில் மாடிகள் ஏறஏற அடிச்சுவர் தடித்தல் வேண்டும். 1891 இல் சிக்காகோவில் எழுந்த மொனட்நொக் கட்டடத்தின் பழைய பகுதி பதினாறு மாடிகளே கொண்டது. எனினும் அதன் அடிச்சுவர் ஆறடி தடிப்புடையது. இன்னும் உயர்ந்தால் கீழ்மாடியில் சுவரே நிறைந்து அறைக்கு இடமின்றிப் போகும்.

1871 ஆம் ஆண்டுப் பெருந்தீக்கு இரையாகி மீண்டும் எழுந்த அந்நகரிலேதான் இதற்கு மாற்றும் காணப்பட்டது. 1885 இல் வில்லியம் லெ பாரன் ஜென்னி அமைத்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தில், பாரத்தின் பெரும்பகுதியை உலோகச் சட்டகம் ஏற்றுக்கொண்டது. பத்து மாடிகளே உடையதாயினும், 1931 இல் இடிக்கப்பட்டுவிட்டதாயினும், வானளாவிகளின் மூதாதை என அதனைப் பலர் போற்றுவர். சட்டகம் எலும்பாயிற்று, சுவர் வெறுந் தோலாயிற்று.

இங்கேதான் ஒரு கலைச்சிக்கல் எழுந்தது. எலும்பு புதிது, அதன்மேல் எத்தகைய தோலைப் போர்ப்பது? உயர்ந்த கட்டடம் தன் உயர்வையே தன் உணர்ச்சியாகக் கொண்டு நிற்றல் வேண்டும் என்றும், பயனே வடிவை வகுத்தல் வேண்டும் என்றும் லூயி சலிவன் 1896 இல் எழுதிய கட்டுரையொன்றில் வற்புறுத்தினார். ஆயினும் பலர் அவ்வழி செல்லவில்லை. 1913 இல் நியூ யோர்க்கில் எழுந்த வூல்வர்த் கட்டடம் தன் உருக்குச் சட்டகத்தின்மேல் இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் கோதிக் ஆடையைப் போர்த்திக்கொண்டது. அவ்வாடை அழகியதே. ஆயின், கட்டடம் எவ்வாறு நிற்கின்றது என்பதை அது சொல்லவில்லை. பொறியியலாளன் திரைக்குப் பின்னால் நின்று தூக்கிப்பிடிக்க, கலைஞன் திரையில் ஓவியம் தீட்டினான் என்னலாம்.

கட்டடங்கள் மேலும் உயர்ந்தபோது மூன்றாவது தடையொன்று வெளிப்பட்டது. அது காற்று. நிலத்தில் ஊன்றிய கோலொன்றை அதன் நீளம் முழுவதும் ஒரே அளவான காற்று தாக்குவதாகக் கொள்வோம். கோலின் உயரம் இரு மடங்கானால், அதனை அடியிற் சாய்க்க முயலும் திருப்புதிறன் நான்கு மடங்காகும். உச்சியின் விலகலோ, கோலின் விறைப்பு மாறாதிருப்பின், பதினாறு மடங்காகும். மேலும், உயரச்செல்லக் காற்றின் வேகமும் மிகும். எனவே, ஓரளவுக்கு மேல் கட்டடத்தின் வடிவைத் துணிவது அதன் எடையன்று, காற்றே. 1931 இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்ரேற் கட்டடம் 102 மாடிகளும் 1250 அடி உயரமும் உடையது. அதில் ஒரு சதுர அடித் தளத்திற்கு ஏறத்தாழ 42 இறாத்தல் உருக்குச் செலவாயிற்று. அது உறுதியுடன் நிற்கின்றது, ஐயமில்லை. ஆயின், உள்ளும் புறமும் எங்கணும் தூண்களையும் உத்தரங்களையும் நெருக்கி இணைத்துப் பெற்ற உறுதி அது. உயரத்துக்கு இறுக்கப்பட்ட வரி என இம்மிகைச் செலவைக் கூறலாம்.

இவ்வரியைக் குறைத்தவரே பஸ்லுர் கான். 1929 இல் வங்கத்தின் டாக்கா நகரிற் பிறந்த இவர், அங்கு பொறியியல் கற்று, 1952 இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்றார். இலினோய் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகளுள் இரு முதுமாணிப் பட்டங்களையும் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். அவரது கருத்தை நம்மவர்க்கு விளக்குதல் எளிது. புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் வகுக்கும். பனை அவற்றுள் முன்னைய வகையினது. அதன் வன்மை புறக்காழிலே உள்ளது, அகத்தே உள்ளது மெல்லிய சோறே. கைமரம் அரிவோர் புறத்தைக் கொண்டு அகத்தைக் கழித்தல் யாவரும் அறிந்தது. சோளகத்திற் பனை முறியாது நிற்பதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணமாகும். கான் கண்டதும் இதுவே. உறுதியைக் கட்டடத்தின் உள்ளெங்கும் சிதறவிடாது புறச்சுவரிற் குவித்தால், கட்டடம் முழுவதும் நிலத்தில் ஊன்றிய பெருங்குழாய் ஒன்றாகிக் காற்றை எதிர்க்கும். 1960களின் நடுப்பகுதியில் சிக்காகோவில் எழுந்த நாற்பத்துமூன்று மாடிகள் கொண்ட டிவிற் - செஸ்நற் குடியிருப்பில், ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு ஒன்றாகப் புறத்தூண்களை நெருக்கி நிறுத்தி இக்கொள்கையை அவர் செயற்படுத்தினார்.

இக்கொள்கையின் முதிர்ந்த வடிவமே ஹான்கொக் நிலையம். நூறு மாடிகள், 1127 அடி உயரம். அடியில் ஏறத்தாழ 265 அடி நீளமும் 165 அடி அகலமும் உடைய இக்கட்டடம் மேலே செல்லச் செல்லக் குறுகி, உச்சியில் 160 அடி நீளமும் 100 அடி அகலமுமாக ஒடுங்குகின்றது. நாற்புறத்தும் பெருக்கற்குறி வடிவிலான மாபெருஞ் சாய்சட்டங்கள், ஒவ்வொன்றும் பல மாடிகளை ஊடறுத்து, ஒன்றன்மேலொன்றாய் எழுகின்றன. இவை அணிக்காக இட்ட கோலங்களல்ல. காற்றின் விசையை மூலைவிட்ட வழியே நிலத்துக்குச் செலுத்துவன இவையே. தூண்களுக்கிடையே பாரத்தைப் பகிர்ந்தளிப்பனவும் இவையே. ஒரு சதுர அடிக்கு இங்கு செலவான உருக்கு ஏறத்தாழ 30 இறாத்தல் மட்டுமே. எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தோடு ஒப்பிடின், இது நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சேமிப்பாகும். முதல் வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டா.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். இக்கட்டடத்தைப் பழிப்போர், கரிய நிறத்ததாய் முரட்டுத் தோற்றமுடையது என்பர்; சாய்சட்டங்கள் குறுக்கிட்டு யன்னல்களின் காட்சியைக் கெடுக்கின்றன என்பர். இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மையுண்டு. சில அறைகளின் யன்னலைச் சட்டம் ஊடறுத்துத்தான் செல்கின்றது. வேறொரு நுட்பமான தடையும் எழுப்பலாம். நாம் வெளியே காண்பது உருக்கன்று. தீயினின்றும் உருக்கைக் காக்கும் பூச்சுக்கு மேலிட்ட அலுமினியத் தகடே. அங்ஙனமாயின் இதனை உண்மை காட்டும் கட்டடம் என்பது எங்ஙனம் பொருந்தும்? இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயன்தரும். 1958 இல் மீஸ் வான் டெர் ரோ நியூ யோர்க்கில் அமைத்த சீகிராம் கட்டடத்திலும் உண்மையான உருக்கு கொங்கிரீற்றுள் மறைந்துள்ளது. அதனைக் குறிப்பால் உணர்த்துதற்கு வெண்கல உத்தரங்களைப் புறத்தே ஒட்டினார் அவர். அவை கட்டடத்தின் பாரத்தைச் சுமப்பனவல்ல. ஹான்கொக்கிலோ, தகடு எங்கே செல்கின்றதோ அங்கேயே உருக்கும் செல்கின்றது. ஆடை உடலை மறைப்பினும் உடலின் வடிவையே காட்டுகின்றது. முன்னது உறுப்பைக் குறிக்கும் உருவகம். பின்னது உறுப்பின் மேற்சட்டை. இவ்வேறுபாடு சிறிதன்று.

மூன்றாவது வினாவே அரிய வினா. ஹான்கொக்கின் கீழ்மாடிகளிற் கடைகளும், அவற்றின் மேல் வாகனத் தரிப்பிடமும், அதன்மேல் அலுவலகங்களும், நாற்பத்து நான்காம் மாடி தொடங்கிக் குடியிருப்புகளும் உள்ளன. கட்டடம் மேலே குறுகுவதன் பொருள் இங்கே விளங்கும். கடைக்கும் அலுவலகத்துக்கும் விரிந்த தளம் வேண்டும். வீட்டுக்கோ எந்த அறையும் யன்னலினின்றும் தொலைவில் இருத்தலாகாது. ஆகவே, காற்றுக்காகக் குறுகிய வடிவே குடும்ப வாழ்வுக்கும் ஏற்ற வடிவாயிற்று. மேலும், கட்டடத்தின் மெல்லிய அசைவை மாந்தர் எவ்வளவு பொறுப்பர் என்பதை அறிய, அசையும் மேடையொன்றில் மக்களை ஏற்றிச் சோதித்த பின்னரே கான் துணிந்தார். கணக்கில் உறுதியாயிருப்பது போதாது, அதில் உறங்குபவனுக்கும் உறுதியாகத் தோன்றல் வேண்டும் என்பதை உணர்ந்த பொறியியல் இது. தெருமட்டத்துக்குக் கீழே தாழ்ந்த முற்றம் ஒரு குறையே எனினும், மொத்தத்தில் இக்கட்டடம் மூன்று வினாக்களுக்கும் நேர்நின்று விடையிறுக்கின்றது என்பது எமது முடிபு.

இனிச் சியேர்ஸ் கோபுரத்தை நோக்குவோம். 110 மாடிகளும் 1451 அடி உயரமும் உடைய இது, ஏறத்தாழக் கால்நூற்றாண்டுக்காலம் உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கிற்று. பருத்த தனிக்குழாய் ஒன்றில் ஓரிடர் உண்டு. காற்றை எதிர்க்கும்போது மூலைத்தூண்கள் மிகுதியாக உழைக்க, பக்கங்களின் நடுவிலுள்ள தூண்கள் தம் பங்கை முழுதும் ஏற்பதில்லை. இதற்குக் கான் கண்ட தீர்வு, பக்கம் 75 அடி கொண்ட ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டுதல். உள்ளே செல்லும் பொதுச்சுவர்கள் நடுத்தூண்களையும் உழைப்பில் ஈடுபடுத்தும். ஒன்பதும் ஒருங்கே உச்சிவரை செல்லவேண்டியதில்லை. இரண்டு ஐம்பதாம் மாடியிலும், இரண்டு அறுபத்தாறாம் மாடியிலும், மூன்று தொண்ணூறாம் மாடியிலும் நின்றுவிட, எஞ்சிய இரண்டே முடிவரை எழுகின்றன. படிப்படியான அத்தோற்றம் முழுவதும் உள்ளமைப்பினின்றே பிறந்தது. ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 33 இறாத்தல் உருக்கே செலவாயிற்று. முதல் இரு வினாக்களுக்கும் இக்கோபுரம் தரும் விடை, ஹான்கொக்கின் விடைக்கு இளைத்ததன்று.

மூன்றாம் வினாவிலேதான் அது தளர்கின்றது. எதிர்காலத்தில் தன் வணிகம் பெருகும் என்று எண்ணிய ஒரு நிறுவனம் தனக்கு வேண்டியதினும் மிகுந்த இடத்தை இங்கே எழுப்பிற்று. அவ்வெண்ணம் பொய்த்தது. 1990களின் தொடக்கத்தில் அந்நிறுவனமே நகரை விட்டுப் புறநகர் சென்றது. கோபுரத்தின் அடியிலோ, காற்று வீசும் வெறுங் கல்முற்றமும் வழிப்போக்கரை வரவேற்காத மதிலுமே முதலில் அமைந்தன. வாயிலைப் பின்னர் ஒருமுறைக்கு மேல் மாற்றிக் கட்டவேண்டியதாயிற்று. தொலைவினின்றும் காண்பார்க்கு மாண்புடைய கட்டடம், அருகே நடப்பவனுக்கு அயலாகவே நின்றது. அமைப்பில் உண்மையாயிருப்பது கட்டடத்துக்கு இன்றியமையாதது. ஆயின், அது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

இம்மூன்றாம் வினா அழகுணர்ச்சி பற்றியது மட்டுமன்று, உயிர் பற்றியதுமாம். நியூ யோர்க்கின் உலக வர்த்தக நிலையக் கோபுரங்கள் கானின் ஆக்கங்களல்லவெனினும் புறக்குழாய் முறையிலேயே அமைந்தவை. 2001 செப்ரெம்பர் 11 இல் விமானங்கள் மோதியபோது, பல தூண்கள் அறுந்தும் எஞ்சியவை பாரத்தைப் பகிர்ந்தேற்று நின்றன. வட கோபுரம் 102 நிமிடங்களும் தென் கோபுரம் 56 நிமிடங்களும் நின்று, பின்னர் தீயினால் வீழ்ந்தன. அந்நேரத்திற் பல்லாயிரவர் இறங்கி உயிர் தப்பினர். ஆயின், வட கோபுரத்தின் மூன்று படிக்கட்டுகளும் நடுப்பகுதியில் அருகருகே அமைந்திருந்தமையால், ஒரே தாக்கில் மூன்றும் அறுந்தன; அவ்விடத்துக்கு மேலிருந்தோருள் ஒருவரும் மீளவில்லை. காற்றுக்கும் மோதலுக்கும் விடை கண்ட சட்டகம் நின்றது. மனிதன் இறங்கும் வழி நிற்கவில்லை. மூன்றாம் வினாவைக் கடைசியிற் கேட்கும் வழக்கம் எத்துணைக் கொடிய விளைவைத் தரவல்லது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இவையெல்லாம் அறிந்தும் உலகம் உயரத்தையே உரைகல்லாகக் கொள்கின்றது. 1996 இல் கோலாலம்பூரின் பெற்றோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் 1483 அடி எனக் கணிக்கப்பட்டுச் சியேர்ஸ் கோபுரத்தின் முதன்மையைப் பறித்தன. மக்கள் புழங்கும் மிகவுயர்ந்த தளத்தை ஒப்பிடின் சியேர்ஸ் கோபுரமே மேலோங்கி நிற்கும். பெற்றோனாஸின் கூர்ங்கோபுரத்தைக் கணக்கிற் சேர்த்து, சியேர்ஸின் வானொலிக் கம்பங்களை விலக்கியதே அம்முடிவின் காரணம். எழுந்த பூசலின் விளைவாக, உயரத்தை நான்கு வகையாக அளக்கும் முறை வகுக்கப்பட்டது. 2010 இல் டுபாயில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீபா 2717 அடி உயர்ந்தது. கானின் நிறுவனத்தாரே ஆக்கிய அதன் அமைப்பு புதுமையானது. நடுமையத்தை மூன்று சிறகுகள் முட்டுக்கொடுத்துத் தாங்க, புறக்காழ் மீண்டும் அகக்காழாயிற்று. ஆயின், அதன் உச்சியில் ஏறத்தாழ 800 அடி மக்கள் புழங்காத பகுதியாகும். பொறியியல் ஈட்டிய வெற்றியைப் பெருமிதம் செலவிட்டது என்று கூறாது வேறென் கூறுவது?

இதன்கண் பண்பாடு இல்லை என்பது எம் கருத்தன்று. ஒரு மக்கட்கூட்டம் தன் ஆற்றலை உலகுக்குக் காட்ட விழைதல் இயற்கை. பெற்றோனாஸ் கோபுரங்களின் தளப்படம் இசுலாமியக் கலையின் எண்கோண விண்மீனினின்றும் எழுந்தமை அவ்விழைவின் மேன்மையான வெளிப்பாடே. ஆயின், பண்பாடு உச்சியிற் சூட்டிய முடியில் மட்டும் இருப்பதன்று. பொருளை வீணாக்காத சிக்கனம் ஒரு பண்பாடு. தன்னை மறையாத நேர்மை ஒரு பண்பாடு. தன்னுட் குடியிருப்பவனையும் தன் அடியில் நடப்பவனையும் மறவாமை அவையிரண்டினும் மேலான பண்பாடு.

கான் 1982 இல், ஐம்பத்திரண்டாம் வயதில், ஜித்தா நகரிற் காலமானார். தொழில்நுட்பம் வல்லான் தன் தொழில்நுட்பத்துள்ளேயே தொலைந்துவிடலாகாது, வாழ்வைச் சுவைக்கவும் வல்லனாதல் வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. தாய்நாடு 1971 இல் துயருற்றபோது சிக்காகோவிலிருந்தபடியே அதற்காக நிதி திரட்டியவர் அவர். அறிவியல் கற்போர் கலையை அயலாரின் பொருளென்றும், கலை கற்போர் பொறியியலை வெறுங் கணக்கென்றும் எண்ணி ஒதுங்கும் வழக்கம் நம்மிடையும் உண்டு. அவ்விரு சாராரும் ஹான்கொக் நிலையத்தின் வரலாற்றைக் கற்றல் நன்று. அக்கட்டடம் இன்று உலகின் உயர்ந்த கட்டடங்களின் வரிசையில் மிகப் பின்தங்கிவிட்டது. ஆயினும் எத்துணை உருக்குக் கொண்டு, எவ்வளவு நேர்மையுடன், யாருக்காக உயர்ந்தாய் என்று வினவப்படும் போதெல்லாம் அது தலைகுனியாது நிற்கும். அவ்வரிசையில் முன்னிற்கும் பல கட்டடங்களுக்கு அவ்வாறு நிற்றல் இயலாது.